செவ்வாய், வியாழன், சனி

காலையில் எழுந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. பாத்ரூம் போய்விட்டு வந்து, ராத்திரி போட்டிருந்த அதே நைட்டியோடு, அடுப்படி வாசலில் தரை சமமாக இருக்கிற இடத்தில் எடை மிஷினை வைத்து ஏறி நிற்பேன். இன்று 54.4. சனிக்கிழமை சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து இறங்கியபோது 52 கிலோ. கிட்டத்தட்ட மூன்று நாளில் ஏறிய 2 கிலோ 400 கிராமில் சதை என்று எதுவும் கிடையாது, அத்தனையும் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள் தங்கிவிட்ட தண்ணீர். சுவரில் தொங்கும் நோட்டில் தேதி போட்டு அதை எழுதிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன்.

எனக்கு 43 வயது. லால்குடியில் இருக்கிறோம், வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். 2020-லிருந்து செவ்வாய், வியாழன், சனி திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையை மெஷின் செய்கிறது. புதிதாக டயாலிசிஸ் ஆரம்பித்து என்ன ஆகுமோ என்று உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு மருந்துச் சீட்டு கொடுத்தார்கள், சாப்பிடக் கூடாதது பட்டியல் கொடுத்தார்கள், ஆனால் ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். மெஷினில் நான் இருப்பது 12 மணி நேரம். மீதி 156 மணி நேரம் நம் வீட்டில், நம் அடுப்படியில்தான் கழிகிறது, உடம்பு கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

52 கிலோ என்பது எனக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருக்கும் ட்ரை வெயிட். உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை. ஒவ்வொரு தடவையும் அந்த எடைக்கு வரும்வரை மெஷின் தண்ணீரை எடுக்கும். இதில் நான் பட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பு இளைத்துவிட்டது, ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனதை நானே பிடித்துத் தைத்தேன். ஆனால் டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தால் பழைய எண்தான் வந்தது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சதை போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் ராத்திரி படுத்தால் இருமல், அப்புறம் இரண்டு தலையணை, அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் தூக்கம். சளி என்று நினைத்து கஷாயம் வைத்துக் குடித்தேன், அதுவும் ஒரு டம்ளர் தண்ணீர்தானே. எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் நீர். ட்ரை வெயிட்டை 2 கிலோ குறைத்தார்கள், நான்கு டயாலிசிஸில் மட்டமாகப் படுக்க முடிந்தது. காய்ச்சலோ பசியின்மையோ வந்து உடம்பு இளைத்தால், யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்காமல், "சிஸ்டர், நான் இளைச்சிருக்கேன், ட்ரை வெயிட்டை டாக்டர்கிட்ட கேளுங்க" என்று நாமே சொல்ல வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறினாலும் அதே மாதிரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் உறிஞ்சிவிடும், கால் சுண்டி இழுக்கும்.

ஆறரை மணிக்கு டீ. 100 மில்லி பிடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று எனக்கென்று இருக்கிறது, வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஒரு நாளைக்கு எனக்கு 750 மில்லி. முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து டாக்டர் சொன்ன கணக்கு அது, ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இன்னும் 250 மில்லி அளவுக்குச் சிறுநீர் போகிறது, அதுவே பெரிய பாக்கியம் என்று எங்கள் டயாலிசிஸ் ரூமில் சொல்வார்கள், நிறையப் பேருக்குச் சுத்தமாக நின்றுவிட்டது. டீ, ரசம், மோர், குழம்பு எல்லாமே இந்த 750-க்குள் அடங்க வேண்டும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். டீ குடித்தால் பாட்டிலிலிருந்து அதே அளவை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன், ரசம் ஊற்றிக்கொண்டாலும் அப்படியே. பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு மிச்சம், மனக்கணக்கு போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். மாத்திரைக்குத் தண்ணீர் கிடையாது, ஒரு வாய் தயிர்சாதத்தில் வைத்து விழுங்கப் பழகிவிட்டேன்.

தண்ணீரைக் குறை என்று எல்லாரும் சொல்வார்கள். உப்பைக் குறை என்பதை நான் காதில் வாங்கிக்கொள்ள ஒரு வருடம் ஆனது. சுமார் 8 கிராம் உப்பு உள்ளே போனால், அதைக் கரைத்து வைக்க உடம்பு ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்கும். அந்தக் கேள்விதான் தாகம். மன உறுதியை வைத்து அதோடு சண்டை போட்டு யாராலும் ஜெயிக்க முடியாது. முதல் வருடம் நான் ஊறுகாயும் அப்பளமும் தொட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அழுதுகொண்டிருந்தேன், நாலு கிலோ ஏறிக்கொண்டு போய் நிற்பேன். உப்பைப் பிடித்த பிறகு தாகம் தானாகவே பாதி அடங்கியது.

எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்து, உப்பு போட்டுக் கரைப்பதற்கு முன்பே எனக்கு ஒரு டப்பாவில் தனியாக எடுத்துவிடுவோம், அது உப்பில்லாமலே புளித்துவிடும். சாம்பாரும் அப்படித்தான், உப்பு போடும் முன் எனக்கு ஒரு கிண்ணம். அதில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு கடைசியில் எலுமிச்சம்பழம் நாலு சொட்டு பிழிந்தால் உப்பு இல்லாத குறை பாதி தெரியாது. நாக்கு பழக ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் மற்றவர்கள் சாப்பிடும் குழம்பு கரிப்பாகத் தெரியும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மிக்சர், ஹோட்டல் சாப்பாடு, இவை ஐந்தையும் விட்டாலே பெரிய வித்தியாசம் வரும். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், நமக்கு அது விஷம்.

பொட்டாசியம் என்ன செய்யும் என்பதை நான் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்துகொண்டேன். முதல் வருடம், மே மாதம், வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. பெரியம்மா பாசத்தோடு ஒரு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து, "தண்ணிதான குடிக்கக் கூடாது, இது ஒடம்புக்கு குளிர்ச்சிடி" என்று கொடுத்தார். மறுக்க மனசு வரவில்லை, எனக்கும் ஆசை. பந்தியில் வாழைப்பழமும் சாப்பிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து நிற்கப் பார்த்தால் கால் இரண்டும் மணல் மூட்டை மாதிரி கனத்தது, தொடையில் பலம் இல்லை, நெஞ்சில் துடிப்பு விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி பார்த்த டாக்டர் ரத்த ரிசல்ட் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, உடனே ஊசி போட்டார். பொட்டாசியம் 7.2 இருந்தது, 5-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. நடு ராத்திரியில் டயாலிசிஸ். பொட்டாசியம் ஏறினால் வலி பெரிதாக இருக்காது, இதயம் நின்றுவிடும். இளநீர், வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா, ஆரஞ்சு, கீரை சூப்பு எதுவும் எனக்குக் கிடையாது. எல்லாருக்கும் நல்லது என்று சொல்கிற பொருள்தான் நமக்கு ஆபத்து, அதனால்தான் சொந்தக்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டமாக இருக்கிறது. நட்சத்திரப் பழம் என்று ஒன்று உண்டு, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும், கிட்னி போனவர்கள் அதை ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது, மூளையைப் பாதிக்கும்.

அதனால் செவ்வாய்க்கிழமை காலைச் சமையல் திங்கள் ராத்திரியே ஆரம்பித்துவிடும். காயைப் பொடியாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் நிறைய வெந்நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊற வைத்து, அதைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேக வைத்து அதையும் வடித்துவிடுவேன். சத்து போய்விடுமே என்று மாமியாருக்கு ரொம்ப நாள் வருத்தம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் என்றால் பயம் குறைவு. அதோடு தினமும் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு. டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், ஆரம்பித்த பிறகு கூட்டச் சொன்னார்கள், மெஷின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதத்தையும் கொண்டு போய்விடுமாம். இந்த மாற்றம் தெரியாமல் பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாகப் போன இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அளவை உங்கள் டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

எட்டிலிருந்து ஒன்பதே கால் வரை தையல். செவ்வாய், வியாழன், சனி டெலிவரி கிடையாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டு, முடியாமல், பொய்க் காரணம் சொல்லி, கெட்ட பெயர் வாங்கினேன். இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன், போனவர்கள் கொஞ்சம் பேர்தான், இருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

பத்து மணி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் மாதம் பன்னிரண்டு பதின்மூன்று தடவை போய்வருகிற எனக்கு நல்ல மிச்சம். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி கொள்ளிடம் பாலம், அப்புறம் திருவானைக்கோவில், அப்புறம் காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம். ஆடியில் தண்ணீர் நிறைந்து வரும்போது பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் நான் ஜன்னலோரம் உட்கார மாட்டேன், பார்த்தால் தொண்டை வறண்டுவிடும்.

இந்த பஸ்ஸில்தான் பழசெல்லாம் நினைவுக்கு வரும். 2018-லிருந்து தலைவலி. மெஷினில் குனிந்து தைப்பதால் என்று நினைத்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவேன், வாரத்துக்கு மூன்று நாலு தடவை, இரண்டு வருடம், சீட்டு எதுவும் கேட்காமல் கொடுப்பார்கள். ஒரு தடவைகூட பிபி பார்த்ததில்லை. சிறுநீரில் நுரை நிற்கும், சோப்புத் தண்ணீர் என்று நினைத்தேன். சாயங்காலம் கால் வீங்கும், பெடல் மிதிப்பதால் என்றார்கள். ஒரு மருத்துவ முகாமில் மகளுக்குக் கண் பார்க்கப் போனபோது நானும் கையை நீட்டினேன், 190/120. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கியிருந்தது. பிபியால் கிட்னி போனதா, கிட்னி போனதால் பிபி வந்ததா என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலி மாத்திரை அதை வேகப்படுத்தியிருக்கும். இதைப் படிக்கிறவர்களில் 30 வயதைத் தாண்டியவர்கள், தலைவலி இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒரு தடவை பிபியும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த வழி செய்யும் சின்ன ஆபரேஷன், போட்டுவிடலாம், டயாலிசிஸ் வரும்போது தயாராக இருக்கும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் பயந்து தள்ளிப் போட்டேன். ஒரு சொந்தக்காரர் கிட்னியைத் தூக்கி நிறுத்தும் பொடி என்று கொண்டுவந்து கொடுத்தார், மூன்று வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அதைச் சாப்பிட்டேன். ஒரு ராத்திரி மூச்சு விட முடியாமல் வாயில் நுரை தள்ளி 108-ல் தூக்கிக்கொண்டு போனார்கள். கையில் வழி இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி புகுந்து, மெஷினில் ஏற்றிய அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் நடுக்கம். ஃபிஸ்டுலா தயாராகக் குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். டாக்டர் சொல்லும்போதே போட்டுவிட்டால் இந்தக் கழுத்துக் குழாயைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அந்த ஃபிஸ்டுலா இப்போது என் இடது மணிக்கட்டுக்கு மேலே இருக்கிறது. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள், ரத்தம் வேகமாகப் பாய்ந்து சிரை தடித்துவிடும், அதில் ஊசி போடலாம். 1966-ல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ என்கிற டாக்டர்களும் அவர்களுடைய சர்ஜனும் வெளியிட்ட முறை இது, இன்று வரை இதைவிட நல்ல வழி இல்லை என்று எங்கள் டெக்னீஷியன் தம்பி சொல்லும். தொட்டால் உள்ளே ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். தையல் மிஷின் ஓடும்போது பலகை மேல் உள்ளங்கையை வைத்தால் தெரியுமே, அதே அதிர்வு. தினமும் காலையில், மதியம், ராத்திரி தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அதிர்வு இல்லையென்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே ஓட வேண்டும், சீக்கிரம் போனால் சில சமயம் மீட்டுவிடுகிறார்கள். அந்தக் கையில் வளையல், வாட்ச், இறுக்கமான ஜாக்கெட் கை கூடாது, பிபி பார்க்க விடக் கூடாது, ரத்தம் எடுக்க விடக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. லேபில் எத்தனை பேர் அந்தப் பெரிய நரம்பைப் பார்த்ததும் ஆசையாக ஊசியை எடுத்துக்கொண்டு வருவார்கள் தெரியுமா. என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது, "டயாலிசிஸ் நோயாளி, இடது கையில் பிபி, ஊசி வேண்டாம்" என்று. நான் மயங்கிக் கிடந்தாலும் அது பேசும்.

பதினொன்றரைக்கு எங்கள் ஷிஃப்ட். கை கழுவி, எடை பார்த்து, பெட்டில் ஏறினால் இரண்டு ஊசி, ஒன்று ரத்தம் வெளியே வர, ஒன்று திரும்பப் போக. வருடத்துக்கு 312 தடவை குத்து. பழகிவிடுமா என்று கேட்பார்கள். வலி பழகாது, எதிர்பார்ப்பது பழகிவிடும். ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவுதான், ஆனால் அந்த இடம் புடைத்து மெலிந்துபோகும், ஒரு நாள் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் போன தடவைக்கு அரை அங்குலம் தள்ளிப் போடச் சொல்லி நானே கேட்டு வாங்குவேன். நிமிடத்துக்கு 300 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் 72 லிட்டர் ரத்தம் அந்தக் கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கிற டயலைசர் வழியாகப் போய்வரும். உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டருக்குள்தான், அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் சுத்தப்படுத்திய தண்ணீர் கிட்டத்தட்ட 120 லிட்டர் ஓடி அழுக்கை வாங்கிக்கொண்டு போகும்.

பக்கத்துப் பெட்டில் ஒரு அண்ணன், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், என்னைவிட மூன்று வருடம் சீனியர். எனக்கு மெஷினைப் பற்றித் தெரிந்த பாதி அவர் சொன்னது. "கொட்டாவி மேல கொட்டாவி வந்தா தூக்கம்னு நெனைக்காதம்மா, பிரஷர் எறங்குது, உடனே சிஸ்டரைக் கூப்பிடு" என்று முதல் மாதமே சொன்னார். உண்மைதான். கொட்டாவி, காது அடைப்பது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இந்த மூன்றும் வந்து ஐந்து நிமிடத்தில் கண் இருட்டிவிடும். முன்கூட்டியே சொன்னால் தலையைத் தாழ்த்தி, தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சலைன் விட்டால் சரியாகிவிடும். பிபி மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா கூடாதா என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அன்றைக்கு ராத்திரிதான். மெஷின் ஓடும்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பிபி இறங்கும், நான் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வேன்.

மூன்றாவது மணி நேரம்தான் கொடுமை. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகும். எத்தனை கிலோ ஏறிக்கொண்டு வந்தோமோ அத்தனை வலி. என் எடைக்கு மணிக்கு 700 மில்லிக்குள் எடுத்தால்தான் இதயத்துக்கு நல்லது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், நாலு மணி நேரத்துக்கு 2 கிலோ 700 வரைதான். அதற்கு மேல் ஏறினால் வலி, இல்லையென்றால் மிச்சத் தண்ணீரோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். காலையில் 54.4 பார்த்ததும் எனக்கு ஏன் நிம்மதி என்று இப்போது புரியும். அந்த நேரத்தில் எல்லாருக்கும் தோன்றுவது, "சிஸ்டர், கால் மணி நேரம் முன்னாடி எறக்கி விடுங்க". நானும் கெஞ்சியிருக்கிறேன். அண்ணன்தான் ஒரு நாள் டிக்கெட் கணக்கு மாதிரி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். வாரம் மூன்று தடவை, வருடத்துக்கு 156, ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் திருடினால் 39 மணி நேரம். கிட்டத்தட்ட பத்து டயாலிசிஸையே விட்ட மாதிரி. அதன் பிறகு நான் கேட்பதில்லை.

மூன்றரைக்கு ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து, பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்டிருப்பார்கள். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகு கசிந்தாலும் துணியைச் சுற்றிக் கட்டக் கூடாது, கசிகிற அந்தப் புள்ளியிலேயே இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு கையைத் தூக்கி வைத்தால் நிற்கும், நிற்காவிட்டால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்கு. எடை 52.1. எழுந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம், அப்புறம்தான் நிற்பேன். அவசரப்பட்டு எழுந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பேன், அதனால் யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. துவைத்துப் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும் உடம்பு. வீட்டுக்கு வந்து ஏழு மணி வரை தூங்கியே ஆக வேண்டும், அந்த நேரத்தில் யார் வந்தாலும் அம்மா இல்லை என்று சொல்ல மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் படுத்திருப்பது குற்ற உணர்வாக இருந்தது, வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்து சாதம் வைப்பதைப் பார்க்க முடியவில்லை. இப்போது அந்தத் தூக்கத்தையும் மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறேன், புதன்கிழமை எழுந்து நிற்க அதுதான் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறது, ஆண்டு வருமானம் திட்டத்தின் வரம்புக்குள் இருப்பதாகச் சான்று வாங்கி அட்டை எடுத்தோம். வியாதி வந்த பிறகு அலையாமல் இந்த அட்டையை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் ஹீமோகுளோபின் ஏற ஊசி, இரும்புச்சத்து ஊசி, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை என்று கையை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் பிரயோஜனமே இல்லை, சோற்றோடு சேர்ந்து வயிற்றில் இருந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்கும். ஒரு வருடம் தப்பாகப் போட்டு, பாஸ்பரஸ் ஏறி, முதுகெல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஆரம்பத்திலேயே முழு தவணையும் போட்டுவிடுங்கள், ரத்தத்தோடு புழங்கும் இடம் அது.

மாற்று சிறுநீரகம்? அம்மா கொடுக்கிறேன் என்றார், அவருக்குச் சர்க்கரை. வீட்டுக்காரர் ரத்தப் பிரிவு சேரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறேன். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் அப்பா அம்மாவே தானம் செய்தார்கள், அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு பேசப்படும் விஷயமானது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஏதோ ஒரு ஊரில் கலெக்டர் மாலை வைக்கும் செய்தியைப் படிக்கும்போது, என் கை தானாகப் போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்த நொடியே, அங்கே ஒரு வீட்டில் பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருக்கிறார்களே என்று நெஞ்சு அடைக்கும். இரண்டுமே உண்மையான எண்ணங்கள், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ராத்திரி படுக்கிறேன். போனை மட்டும் அணைப்பதே இல்லை.

ராத்திரி ஒன்பது மணி. பாட்டிலில் 110 மில்லி மிச்சம் இருக்கிறது. முழுக்கக் குடிக்க மாட்டேன், இரண்டு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு முழிப்பு வரும், அதற்காகப் பாதியை வைத்துவிடுவேன். அதற்கும் மேல் வறண்டால் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடலாம், எலுமிச்சைத் துண்டை நக்கலாம். ஐஸ் கட்டி வைத்துக்கொண்டால் அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டி 30 மில்லி வரை வரும். மகள் படுக்கப் போகும் முன் என் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்பாள், "ஓடுதும்மா" என்பாள். எட்டு வயதில் ஆரம்பித்த பழக்கம், இப்போது பதின்மூன்று.

நாளைக்கு புதன், மெஷின் இல்லாத நாள், நன்றாக வேலை ஓடும். பள்ளி யூனிஃபார்ம் நாலு ஜோடி பாக்கி இருக்கிறது. அதற்கு முன்னால் கண்டக்டர் அண்ணனின் சட்டையை முடிக்க வேண்டும். டயாலிசிஸ் ரூமில் ஏசி குளிரும், கையை வெளியே எடுத்தால் உடம்பு பாதி திறந்து கிடக்கும் என்று, எனக்கு ஒரு ஜாக்கெட்டில் இடது கையை மணிக்கட்டிலிருந்து தோள் வரை பிரித்து, ஓரம் அடித்து, பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக்கொண்டேன். ஊசி போடும் இடத்தில் மட்டும் இரண்டு பட்டனைத் திறந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு இதுவரை ஆறு பேர் கேட்டு வாங்கிவிட்டார்கள். அண்ணனுக்கு வலது கையில் ஃபிஸ்டுலா, மறந்துபோய் இடது கையைப் பிரித்துவிடக் கூடாது என்று சட்டையிலேயே சாக்பீஸால் குறி போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.